பூட்டிய வீட்டில் யாரிடம் கேட்பது?

1998இல் கேரளத்தின் முதல் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு நடந்தபோது மாநிலம் முழுக்க 10,000 வீடுகளின் கதவைத் தட்டினார்கள். நடத்தியது திருவனந்தபுரத்தில், உள்ளூர் பிரசாந்த் நகரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம். கே.சி. சக்கரியா, இ.டி. மாத்யு, எஸ். இருதயராஜன் மூவரும் சேர்ந்து செய்த அந்த ஆய்வின் அடிப்படைக் கேள்வி ரொம்ப எளிமையானது: இந்த வீட்டு ஆள் யாராவது வெளிநாட்டில் இருக்கிறாரா? கேட்டால் பதில் சொல்ல வீட்டில் மனைவி இருந்தாள், அம்மா இருந்தாள். எந்த ஊர், என்ன வேலை, மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்தப் பதில்களைக் கூட்டித்தான் 13.6 லட்சம் கேரளத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள்.

போனவர் ஒருவர், வீட்டில் இருந்தவர்கள் நாலைந்து பேர். அன்றைய குடிபெயர்வு அப்படித்தான் இருந்தது. வர்க்கலை, ஆற்றிங்கல், கல்லம்பலம் என்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடக்கு ஊர்களிலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குப் போனார்கள். தெற்கே களியக்காவிளை தாண்டி நம் குமரி மாவட்டத்திலிருந்தும் போனார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை மாறியதே தவிர, விமானம் ஏறுவதற்கு நாகர்கோவில்காரருக்கு இன்றும் திருவனந்தபுரம்தான்.

என் சித்தப்பா 1979இல் அபுதாபிக்குப் போனவர். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற சாக்கை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்திருந்தார். ஊர்க்காரர் ஒருவர் விசா எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பம்பாய்க்கு ரயிலேறி, ஒரு லாட்ஜில் பத்துப் பேரோடு படுத்து, ஏஜெண்டின் அழைப்புக்காகக் காத்திருந்து, மார்பு எக்ஸ்ரே எடுத்துத்தான் விமானம் ஏறினார். அவர் வயதுக்கு யாரும் மார்க் போடவில்லை. இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. தெம்பான உடம்பும் கையில் ஒரு தொழிலும் விசா எடுத்துத் தர ஓர் ஆளும் இருந்தால் போதும்.

போய்ச் சேர்ந்தபின் கேட்கவும் எதுவும் இல்லை. வேலைக்கு அமர்த்திய கஃபீலின் பெயரில்தான் அங்கே இருக்க அனுமதி. பாஸ்போர்ட் அவரிடம் இருக்கும். வேலை போனால் ஊருக்கு டிக்கெட். சம்பளம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால்தான் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். எலக்ட்ரீஷியன் சம்பளம் அந்த வரம்பைத் தொடாது. எத்தனை வருஷம் உழைத்தாலும் அந்த மண்ணில் குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. இந்திய அரசும் இதைத் தெரிந்துதான் 1983இல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. படிப்பு குறைந்தவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று முத்திரை குத்தி, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்றது. ஏமாற்றப்படக்கூடியவர்களைக் காக்கத்தான் அந்தச் சட்டம். ஆனாலும் அந்த முத்திரையோடு கவுண்டர் முன்னால் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கூச வைத்தது என்று சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. அந்த ஒன்றிரண்டு மாதத்துக்காகத்தான் இங்கே எல்லாமே காத்திருந்தது. கல்யாணம் அப்போதுதான், பால் காய்ச்சுவதும் அப்போதுதான். சங்குமுகத்தில் விமானம் இறங்கும் நேரத்துக்கு ஜீப்பும் வேனும் பிடித்து ஊரே திரண்டு வரும். அனுப்பிய பணம் முதலில் அடகு நகையை மீட்டது, அப்புறம் தங்கையைக் கட்டிக் கொடுத்தது, கடைசியில் கரமனையில் ஒரு மாடி வீடாக நின்றது. சித்தி வங்கிக்குத் தனியாகப் போகவும், டிராஃப்ட் மாற்றவும், மேஸ்திரியிடம் கணக்குக் கேட்கவும் கற்றுக்கொண்டது அந்த வருஷங்களில்தான். வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி இப்படிப்பட்ட பெண்களின் வாழ்க்கையைத் தேடிப் போய் எழுதினார். 1993இல் அது புத்தகமாக வந்தது. கணவன் இல்லாத வீட்டை நடத்திய பெண்களின் தனிமையும் அவர்களுக்குக் கிடைத்த துணிவும் ஒருசேர அதில் பதிவாகியிருக்கின்றன.

அந்த வாழ்க்கையில் பிரிவு நிச்சயம், திரும்புவதும் நிச்சயம். நான் அதை இனிப்பாக்கிச் சொல்ல விரும்பவில்லை. சித்தப்பா தன் மகள் நடக்கத் தொடங்கியதைப் பார்க்கவில்லை, பேசத் தொடங்கியதைக் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்து உட்கார ஒரு திண்ணையும் அவரை அடையாளம் தெரிந்த ஒரு தெருவும் இங்கே இருந்தன.

அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலையில் வேறொரு கணக்கு தொடங்கியிருந்தது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த இந்தியர்களை வான்கூவர் துறைமுகத்தில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பிய நாடு கனடா. அதே கனடா 1962இல் குடியேற்ற விதிகளில் இனப் பாகுபாட்டை நீக்கியது. 1967இல் ஒரு மதிப்பெண் அட்டவணையை வெளியிட்டது. படிப்புக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு, தொழிலுக்கு, ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ இவ்வளவு. 100க்கு 50 எடுத்தால் குடும்பத்தோடு வந்து குடியேறலாம். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்றிருந்த ஆஸ்திரேலியா அந்தக் கொள்கையை 1973இல் முழுதாகக் கைவிட்டு, 1979இல் தனக்கும் ஒரு மதிப்பெண் முறையை வைத்துக்கொண்டது. நியூசிலாந்து 1991இல் வந்து சேர்ந்தது.

இதை ஒரு பெரிய முன்னேற்றம் என்றே நான் நினைக்கிறேன். தோலைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொன்ன அதிகாரியின் கையை ஓர் அட்டவணை கட்டிப்போட்டது. கஃபீலின் தயவு தேவையில்லை, ஊர்க்காரர் விசா எடுத்துத் தர வேண்டியதில்லை. விதி என்னவென்று முன்கூட்டியே அச்சிட்டுக் காட்டிவிடுகிறார்கள். மனைவியும் பிள்ளையும் உடன் வரலாம், சில வருஷத்தில் குடியுரிமையும் கேட்கலாம். அபுதாபியில் அத்தனை வருஷம் உழைத்த என் சித்தப்பாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு இந்த அட்டவணை திருவனந்தபுரத்தில் வெகு சிலருக்கே எட்டியது. 1939இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியிலும் 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர்கள் சிலர் முயன்றார்கள். விண்ணப்பம் தபாலில் டெல்லிக்குப் போகும். பதில் வர வருஷங்கள் ஆகும். கனடாவில் தேங்கிப்போன விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து, 2012இல் ஒரு சட்டம் போட்டு 2008 பிப்ரவரி 27க்கு முன் வந்தவற்றை அப்படியே ரத்து செய்தார்கள். சுமார் 2,80,000 பேரின் காத்திருப்பு ஒரே நாளில் முடிந்தது. கட்டிய பணம் மட்டும் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கணினிக்குள் போயிற்று. ஆஸ்திரேலியா 2012இலும் கனடா 2015இலும் புதிய ஏற்பாட்டுக்கு மாறின. இப்போது விண்ணப்பம் போடுவதில்லை. விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டுப் பட்டியலில் காத்திருக்க வேண்டும். மதிப்பெண் அதிகம் உள்ளவரை மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இந்த மாற்றம் வந்த நேரத்தில் திருவனந்தபுரம் அதற்குத் தயாராக இருந்தது. 1990இல் கழக்கூட்டத்தில் தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலையும் சம்பளச் சீட்டும் அனுபவச் சான்றிதழும் கொடுத்திருந்தது. அட்டவணை கேட்டது அதைத்தான்.

சித்தப்பாவின் மகள், என் தங்கை, அங்கேதான் வேலை பார்த்தாள். மாப்பிள்ளையும் மென்பொருள்காரர்தான். ஆஸ்திரேலியாவுக்கு முயல்வது என்று முடிவான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கரமனை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டார்கள். அவளுக்கு 31 வயது, 30 புள்ளி. 25 முதல் 32 வரைக்கும்தான் இந்த 30. 33 தொட்டால் 25, 40 தொட்டால் 15. பட்டப்படிப்புக்கு 15. எட்டு வருஷ அனுபவத்தில் ஆஸ்திரேலியக் கணினித் தொழில் சங்கம் தகுதிக் காலம் என்று இரண்டு வருஷத்தைக் கழித்துக்கொள்ளும். மீதி ஆறு வருஷத்துக்கு 10. மாப்பிள்ளைக்கும் தொழில் தகுதியும் ஆங்கிலமும் இருந்ததால் துணைக்கு 10. எல்லாம் ஆங்கிலத்தில் வந்து நின்றது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நாலு பிரிவிலும் 8 எடுத்தால் 20 புள்ளி. அவளுக்கு ரைட்டிங்கில் மட்டும் 7.5. அந்த அரை பேண்டுக்காக 20 என்பது 10 ஆகிவிட்டது.

குறைந்தபட்சம் 65 என்று விதி சொல்லும். ஆனால் மென்பொருள் துறைக்கு 65 வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருந்தால் வயதுதான் ஏறும். எனவே மறுபடி தேர்வு, அதுவும் போதாமல் பி.டி.இ. என்ற வேறொரு தேர்வு. அதில் ஒரு வழியாக 20 கிடைத்தது. 85 ஆயிற்று. மாநில நியமனம் கிடைத்தால் இன்னும் 5. மாப்பிள்ளை பெயரில் போட்டால் என்ன வரும் என்றும் கூட்டிப் பார்த்தார்கள். அவருக்கு 34 வயது. அங்கேயே 5 புள்ளி குறைந்தது. ஆகவே முதல் விண்ணப்பதாரர் மனைவி, அவளைச் சார்ந்து போகிறவர் கணவர். சித்தப்பா காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத ஏற்பாடு இது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா கேட்டார்: “எனக்கு எவ்வளவு வரும் மக்கா?”

“45 வயசுக்கு மேலே போடவே முடியாதுப்பா” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு காகித வேலை. முன்னாள் முதலாளிகளிடம் என்ன பொறுப்பில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று விவரமாகக் கடிதம் வாங்க வேண்டும். பழைய மேலாளர் வேலை மாறிப் போயிருப்பார். இதே நேரத்தில் கனடாவுக்கு முயல்கிற நண்பர்கள் பாளையத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். 2013 முதல் கனடா பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று கேட்கிறது. அதற்கு மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே சரிபார்த்து, உறையில் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சான்று, கொச்சிக்குப் போய் மருத்துவப் பரிசோதனை, வங்கியில் இருப்புக் கடிதம். ஆஸ்திரேலிய விசாக் கட்டணம் மட்டும் முதல் விண்ணப்பதாரருக்கு 4,000 டாலருக்கு மேல். கணவருக்கும் குழந்தைக்கும் தனி. பாட்டியின் சங்கிலிக்குப் பதிலாக இந்த முறை சேமநல நிதி கரைந்தது.

பிறந்தநாள் என்பது இந்த வீடுகளில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கனடா அட்டவணையில் 20 முதல் 29 வயதுவரை தனியாளுக்கு 110 புள்ளி. 30 ஆனதும் 105, அப்புறம் 40 வரை ஒவ்வொரு வருஷமும் ஐந்தோ ஆறோ குறையும். 40இல் 50, 45இல் சுழியம். எனவே 28 வயதுப் பையனின் கல்யாணப் பேச்சிலும், இரண்டாவது குழந்தை எப்போது என்பதிலும் இந்த எண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பெண் பார்க்கும்போது நர்சிங் படித்திருக்கிறாளா, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிவிட்டாளா என்று கேட்பது இந்த ஊரில் சாதாரணம். ஒரு காலத்தில் அரபு நாட்டு விசாவுக்கு இருந்த மவுசு இப்போது பேண்டுக்கு.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டியலில் காத்திருப்பது புதிதல்ல. திருவனந்தபுரம் அடிப்படையில் சர்க்கார் உத்தியோக ஊர். தலைமைச் செயலகமும் இங்கே, பி.எஸ்.சி. தலைமையகமும் இங்கே பட்டத்தில். தேர்வு எழுதி ராங்க் லிஸ்டில் பெயர் வந்து, லிஸ்டின் காலாவதி தேதிக்குள் நியமன உத்தரவு வருமா என்று தவம் கிடப்பது இங்கே ஒரு தலைமுறையின் இளமையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ராங்க் லிஸ்ட்காரர்கள் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் போராடினார்கள். முழங்காலால் ஊர்ந்து போனார்கள். அதே மாதம் 13ஆம் தேதி கனடா தன் பட்டியலிலிருந்து 27,332 பேரை ஒரே தடவையில் அழைத்தது. கொரோனாவில் எல்லை மூடியிருந்ததால், ஏற்கெனவே கனடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கான பிரிவில் வெட்டு மதிப்பெண்ணை 75 வரை இறக்கிவிட்டார்கள். வழக்கமாக 450க்கு மேல் போய்க்கொண்டிருந்த எண் அது.

டெக்னோபார்க் கேன்டீனிலும் ஸ்டாச்சு ஜங்ஷன் டீக்கடையிலும் அந்த 75 பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. முதலில் படிக்கப் போய், அங்கே வேலை பார்த்து, உள்ளே இருந்தபடியே பட்டியலில் சேர்ந்தால் எளிது என்ற எண்ணம் பலருக்கும் உறுதிப்பட்டது. 2018 குடிபெயர்வுக் கணக்கெடுப்பில் 1.29 லட்சமாக இருந்த, வெளிநாட்டில் படிக்கும் கேரள மாணவர்கள் 2023 கணக்கெடுப்பில் 2.5 லட்சம் ஆனார்கள். கல்விக்கடன் வாங்கி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு போகிற பிள்ளைகள் இதில் நிறைய. சொந்த ஊர் ராங்க் லிஸ்டை நம்புவதைவிட அடுத்த நாட்டு லிஸ்டை நம்புகிறோம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தால், அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வது அநியாயம்.

ஆனால் அடுத்த நாட்டு லிஸ்ட் நிலையானது என்று யாரும் நினைக்கக் கூடாது. கனடா 2025க்கு 5 லட்சம் பேர் என்று வைத்திருந்த நிரந்தரக் குடியேற்ற இலக்கை 2024 அக்டோபரில் 3,95,000 ஆகக் குறைத்தது. 2025 மார்ச்சில், வேலை உத்தரவாதத்துக்குக் கொடுத்துவந்த புள்ளிகளை அடியோடு எடுத்தது. பிரிட்டனில் 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றது. நிலத்தை விற்று, கடன் வாங்கி, பாதி வழியில் இருப்பவர்களுக்கு இது என்ன செய்யும் என்று அந்த நாடுகள் யோசிக்க வேண்டிய கடமை இல்லை. அவர்கள் அட்டவணையை அவர்கள் தேவைக்கு மாற்றுகிறார்கள். ஜெர்மனி 2024 ஜூனில் தொடங்கிய வாய்ப்பு அட்டையில் 6 புள்ளி போதும் என்கிறது. உடனே நகரத்தில் ஜெர்மன் வகுப்புகள் நிரம்புகின்றன, பி1 ஆயிற்றா பி2 ஆயிற்றா என்று பேச்சு மாறுகிறது. அது ஓராண்டு வேலை தேடுவதற்கான அனுமதி மட்டுமே என்பதைச் சேரும்போதே விளக்கிச் சொல்கிற ஏஜென்சி எத்தனை?

போனவர்கள் அங்கே நன்றாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தங்கை மெல்பர்னில் வீடு வாங்கிவிட்டாள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்; தமிழும் மலையாளமும் அவளுக்குக் காதில் விழுகிற மொழிகள் மட்டும். குடியுரிமைக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது கிடைத்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். நம் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. 2022இல் 2,25,620 பேரும் 2023இல் 2,16,219 பேரும் இந்தியக் குடியுரிமையை விட்டிருக்கிறார்கள். வளைகுடாக்காரர் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்தியராகவே திரும்பினார். இவர்கள் வேறு நாட்டுப் பிரஜையாக, வெளிநாட்டு இந்தியர் அட்டையோடு, விருந்தாளியாக வருவார்கள்.

கரமனை வீட்டின் மாடியில் இப்போது யாரும் இல்லை. கீழே சித்தப்பாவும் சித்தியும் மட்டும். அதே தெருவில் கீழ்த்தளமும் பூட்டிக் கிடக்கிற வீடுகள் உண்டு. பெற்றோர் இறந்துவிட்டார்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் போய் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே கேரளத்தின் வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தது. நிரந்தரக் குடியேற்ற அலை உயர்ந்தது அதற்குப் பிறகு.

கணக்கெடுப்பின் சிக்கலும் இங்கேதான். 2023 சுற்றில் 20,000 வீடுகளில் கேட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் 22 லட்சம் என்று வந்தது; 2018இல் 21 லட்சம். வளைகுடா நாடுகளின் பங்கு 89.2 சதவீதத்திலிருந்து 80.5 ஆக இறங்கியிருந்தது, பெண்களின் பங்கு 15.8இலிருந்து 19.1 ஆக ஏறியிருந்தது. ஊருக்கு வந்த பணம் 85,092 கோடியிலிருந்து 2,16,893 கோடி ரூபாயாகப் பெருகியிருந்தது. எல்லாம் மதிப்புள்ள தகவல்கள். ஆனால் வீட்டில் ஆள் இருந்தால்தானே பதில் கிடைக்கும்? கணவன் மட்டும் போன காலத்தில் கதவைத் திறக்க மனைவி இருந்தாள். குடும்பமே புள்ளி எடுத்துப் போய்விட்ட வீட்டில் யாரைக் கேட்பது? அந்தப் பூட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் 22 லட்சத்தில் சேர்ந்தார்களா இல்லையா என்பதை ஒரு வீட்டுக் கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம், ரேஷன் கடைப் பட்டியலைப் பார்க்கலாம், வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடலாம். எதையாவது செய்தாக வேண்டும். ஏனென்றால் இனிமேல் போகிறவர்களில் இந்த வகைதான் கூடிக்கொண்டு போகும்.

இந்த மாநிலம் குடிபெயர்வுக்காகக் கட்டிய நிறுவனங்களின் அடித்தளம் ‘திரும்புகிறவர்’ என்ற எண்ணம்தான். 1996இல் தொடங்கிய நோர்க்கா துறையும் 2002இல் வந்த நோர்க்கா ரூட்ஸும் நல்ல வேலை செய்திருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். திரும்பி வந்தவர் தொழில் தொடங்கக் கடன் திட்டம் இருக்கிறது. பிரவாசி நல வாரியத்தின் ஓய்வூதியம் என் சித்தப்பாவுக்கே மாதா மாதம் வருகிறது. ஆனால் திரும்பாதவருக்கும், அதைவிட முக்கியமாக அவர் விட்டுப் போன பெற்றோருக்கும், இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

அட்டவணையிலும் அவர்களுக்கு இடம் இல்லை. தங்கை ஒருமுறை பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்புக் காலம் சுமார் 30 வருஷம் என்று அரசே சொல்கிறது. சித்தப்பாவுக்கு வயது 70. விரைவான வழி என்றொன்று இருக்கிறது. ஒருவருக்கு ஏறத்தாழ 48,000 டாலர் கட்ட வேண்டும், அதற்கும் பத்து வருஷத்துக்கு மேல் வரிசை. கனடாவில் பெற்றோரை அழைப்பது குலுக்கலைப் போல. 2024இலும் 2025இலும் 2020ஆம் ஆண்டுப் பதிவிலிருந்தே ஆளை எடுத்தார்கள், புதிதாகப் பதியவே விடவில்லை. அங்கே போய் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம்வரை தங்கலாம் என்கிற சூப்பர் விசா இருக்கிறது, மருத்துவக் காப்பீட்டைத் தானே வாங்கிக்கொண்டால்.

“நான் வரலை மக்கா. 25 வருஷம் அரபி நாட்டில் இருந்தாச்சு, இனி எங்கேயும் போக முடியாது” என்று சித்தப்பா போனிலேயே முடித்துவிட்டார். போன வருஷம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தபோது சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தங்கை விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் வந்து இரண்டு வாரம் இருந்தாள். அதற்கு மேல் லீவு இல்லை. நான் இந்த ஊரில் இருந்ததால் ஆயிற்று. யாரும் இல்லாத வீடுகளில் அந்தக் கையெழுத்து யாருடையது என்பதுதான் எனக்கு இரவில் வரும் கேள்வி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடமாடும் மருத்துவமனையும் இலவச மருந்தும் தரும் வயோமித்ரம் திட்டம் நகராட்சிகளில் நடந்துகொண்டிருக்கிறது. வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று 2008லேயே கொள்கை வகுத்த மாநிலம் இது. வீட்டுக்கே வரும் செவிலியர்கள் இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் குடியேறிவிட்ட முதியோர் வீடுகள் எவை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் யாருக்கு அதிகாரம், பிள்ளையின் போன் எண் எது என்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு பதிவேடு வைக்க மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஆகாது. அந்தப் பதிவேட்டைத் தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா அலுவலகத்தோடு இணைத்துவிட்டால், மெல்பர்னில் இருக்கும் மகளும் தன் பெற்றோர் பெயரை அங்கிருந்தே சேர்க்கலாம். எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கம் இந்த வேலையை ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.